நாயின் கல்லறையும் நம் நாவின் பொறுப்பும்



பிரிட்டனின் மேற்குப் பகுதியில் அமைந்த மலைநாடு வேல்ஸ். அதன் வடமேற்கில், ஸ்னோடன் மலைக்கு அருகே பெத்கெலெர்ட் என்னும் சிற்றூர் உள்ளது. கருங்கல் வீடுகளும் பழைய கல்பாலமும் 13ஆம் நூற்றாண்டுத் துறவியர் மடத்தின் எச்சமாகிய தேவாலயமும் கொண்ட அழகிய ஊர் அது. ஆயினும் மக்கள் அங்கே திரள்வது வேறொன்றைக் காண்பதற்காக. கிளாஸ்லின் ஆற்றங்கரை வழியே சிறிது தூரம் நடந்தால், புல்வெளியில் ஒரு மரநிழலில் சில கற்கள் நாட்டப்பட்டிருக்கின்றன. அவை கெலெர்ட் என்ற நாயின் கல்லறை என்று அருகிலுள்ள பலகைகள் வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கின்றன.

கதை இதுதான். வேல்ஸின் மாபெரும் இளவரசர் எனப் புகழ்பெற்று 1240இல் மறைந்த லிவெலின், ஒருநாள் தம் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேட்டைக்குச் சென்றார். திரும்பியபோது அவருடைய நாய் வாயெல்லாம் இரத்தமாக ஓடிவந்து வரவேற்றது. உள்ளே தொட்டில் கவிழ்ந்து கிடந்தது, குழந்தையைக் காணவில்லை. நாயே குழந்தையைக் கொன்றது என்று முடிவுகட்டிய லிவெலின், வாளை உருவி அதன் உடலில் பாய்ச்சினார். நாயின் மரண ஓலம் கேட்டுக் குழந்தை அழுதது. தொட்டிலைத் தூக்கிப் பார்த்தால், குழந்தை காயமின்றிக் கிடந்தது. அதன் அருகே, நாயால் கடித்துக் கொல்லப்பட்ட ஓநாயின் உடல்! அதன்பின் லிவெலின் ஒருபோதும் சிரிக்கவில்லை என்று கதை முடிகிறது.

அக்கல்லறையின் முன் நின்று கண்கலங்குவோர் பலர். ஆனால் அக்கற்களின் வரலாறு வேறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் விடுதி நடத்த வந்த டேவிட் பிரிச்சர்டு என்பவர், பயணிகளை ஈர்ப்பதற்காக அக்கற்களை நாட்டச் செய்தார் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் செய்தி. வேல்ஸ் மொழியில் ‘பெத்’ என்றால் கல்லறை. பிரிச்சர்டு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஊருக்கு அப்பெயர் இருந்தது. கெலெர்ட் என்பது பழங்காலத் துறவி ஒருவரின் பெயராக இருக்கலாம் என்பர். ஊர்ப்பெயரும் ஊர்சுற்றி வந்த கதையும் ஒரு வணிகரின் கையில் இணைந்தன, கல் எழுந்தது. பின்னர் வில்லியம் ராபர்ட் ஸ்பென்ஸர் என்பவரின் கவிதை அதனை ஆங்கிலம் அறிந்தோரிடமெல்லாம் கொண்டு சேர்த்தது.

அக்கதை நமக்குப் புதிதன்று. பஞ்சதந்திரத்தில் நாய்க்குப் பதில் கீரி, ஓநாய்க்குப் பதில் பாம்பு. பாரசீகத்தின் வழியே சென்ற அந்நூலை 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ ‘கலீலா வ திம்னா’ என அரபியாக்கினார். அதிலும் இக்கதை உண்டு. நம் சிலப்பதிகாரத்திலும் இதன் தடம் காணப்படுகிறது. கீரியைக் கொன்ற பழியால் கணவன் பிரிந்துசெல்ல, தெருவில் அலைந்த பெண்ணுக்குப் பொருள் தந்து, அவளைக் கணவனோடு சேர்த்துவைத்தவன் கோவலன் என்று அடைக்கலக் காதை கூறுகிறது. அந்தக் கோவலனே பின்னர், பொற்கொல்லன் சொல்லை விசாரியாமல் நம்பிய பாண்டியனின் ஆணையால் கொல்லப்படுகிறான்.

இத்தனை நாடுகளும் மொழிகளும் ஒரே கதையை ஏன் தூக்கிச் சுமந்தன? ஆத்திரத்தில் எழுந்த கை மீண்டு வராது என்பதை எல்லாச் சமூகத்தாரும் பட்டறிந்திருந்ததால்தான்.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தை நமக்குப் போதிக்கிறது இறைமறை (49:6). போர்க்களத்தில் ‘லா இலாஹ இல்லல்லாஹ்’ என்று கூறிய ஒருவரை, உயிருக்கு அஞ்சியே அவ்வாறு சொன்னார் என்று கருதி உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் கொன்றுவிட்டார்கள். அதனைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருள்பட மீண்டும் மீண்டும் கண்டித்தார்கள். அன்றுதான் தாம் இஸ்லாத்தில் இணைந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) அவர்கள் ஏங்குமளவிற்கு அக்கண்டனம் இருந்தது.

லிவெலினின் கண் பொய் சொல்லவில்லை. இரத்தம் உண்மை, கவிழ்ந்த தொட்டிலும் உண்மை. அவ்விரண்டிலிருந்து அவர் எடுத்த முடிவே பொய்யாயிற்று. நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது. மகளின் கைப்பேசியில் தெரிந்த ஒரு பெயர், மருமகளைப் பற்றி யாரோ சொன்ன ஒரு சொல், ஜமாஅத்தில் ஒருவரின் கணக்கில் விழுந்த ஓர் ஐயம். தொட்டிலைத் தூக்கிப் பார்க்குமுன் நாவு வாளாகிவிடுகிறது. தலாக் வரை சென்ற பின்னர், அறுபட்ட உறவின் அழுகுரல் கேட்ட பின்னர், உண்மை தெரிந்து யாருக்கு என்ன பயன்?

ஆயின் நாம் வலியுறுத்த விரும்புவது, விசாரிக்கும் கடமை லிவெலினுக்கு மட்டுமன்று, பிரிச்சர்டுக்கும் உரியது என்பதே. ‘நல்ல பாடம் தரும் கதைதானே, கல் நாட்டினால் என்ன தீங்கு?’ என்று சிலர் கேட்கலாம். கலீலா வ திம்னாவில் விலங்குகள் பேசும். அது கதை என்று படிப்பவர் அறிவர், எவரும் ஏமாறுவதில்லை. ‘இதோ, இவ்விடத்தில்தான் நிகழ்ந்தது’ என்று கல் நாட்டியவுடன் கதை செய்தியாகிவிடுகிறது. செய்திக்குச் சான்று வேண்டும். அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் எடைபோட்டே ஹதீஸை ஏற்ற சமுதாயம் நாம்.

கல் நாட்டுவதோடு அது நிற்பதுமில்லை. பிரான்சில் லியோன் நகரை அடுத்த பகுதியில் இதே கதையின் நாய்க்கு கினெஃபோர் என்று பெயர். மக்கள் அதனைப் புனிதராகக் கொண்டாடி, நோயுற்ற குழந்தைகளை அதன் புதைவிடத்திற்குத் தூக்கிச் சென்றனர். 13ஆம் நூற்றாண்டில் எத்தியேன் தெ பூர்போன் என்ற கிறிஸ்தவத் துறவி நாயின் எலும்புகளைத் தோண்டி எரித்து, அங்கிருந்த மரங்களையும் வெட்டச் செய்தார். ஆயினும் அவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை ஒழியவில்லை. விசாரிக்கப்படாத கதை எவ்வளவு ஆழமாக வேரூன்றும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்நாட்டாரைப் பார்த்து நாம் நகைக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் வரும் ‘ஹதீஸ்’ எந்த நூலில் உள்ளதென்று தேடாமல் ‘நல்ல விஷயம்தானே’ என்று பத்துப் பேருக்கு அனுப்பும்போது நாமும் ஒரு கல்லை நாட்டுகிறோம். கேட்பதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நல்ல நோக்கம் பொய்யை மெய்யாக்காது.

எனவே பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்வோம். சொல்லும்போது ‘இது கதை’ என்று சொல்லியே தொடங்குவோம். முடித்தபின், அந்தக் கற்களை நாட்டியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். சினம் வரும்போது தொட்டிலைத் தூக்கிப் பார்க்கவும், செய்தி வரும்போது அதன் மூலத்தைத் தேடவும் அவர்கள் ஒரே அமர்வில் கற்றுக்கொள்வார்கள்.

அவசரத்தால் விளையும் கைசேதத்திலிருந்தும், அறியாமல் பொய்யைச் சுமக்கும் பாவத்திலிருந்தும் வல்ல ரஹ்மான் நம் குடும்பங்களைக் காத்தருள்வானாக. ஆமீன்.