ஊருக்கே தண்ணீர் இல்லை... கோல்ஃப் புல்லுக்கு மட்டும் விலக்கா?

2022 ஆகஸ்ட். பிரான்ஸில் கடும் வறட்சி. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குழாயில் குடிநீர் வரவில்லை; லாரித் தண்ணீர்தான். பல இடங்களில் வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணீர் விடத் தடை. ஆனால், கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பகுதிக்கு மட்டும் விலக்கு! கொதித்துப்போன போராட்டக்காரர்கள் துலூஸ் நகருக்கு அருகே குழிகளில் சிமென்ட்டைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

கோபம் நியாயம்தான். ஆனா, கிரீன் புல் சாதாரணப் புல் இல்லை. 3, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டுவதால் வேர் ஆழமாக இறங்காது. கடும் வெயிலில் சில நாள் தண்ணீர் விடாவிட்டால் காலி. விலக்கும்கூட இரவில் மட்டும், வழக்கமான அளவில் 30 சதவீதத்துக்குள்தான்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாய்ச்சுவது குடிநீரா, சுத்திகரித்த கழிவுநீரா? கிரீனைவிடப் பல மடங்கு பெரிய ‘ஃபேர்வே’ காய்ந்து கிடந்தால்தான் என்ன? அதே ஆண்டு ஜூலையில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்ததே பழுப்பேறிய ஃபேர்வேயில்தான். பந்து கூடுதல் தூரம் உருண்டது, அவ்வளவுதான்.