வாசற்படிக்கும் ஒரு சட்டம் வேண்டும்: சிங்கப்பூர் அடுக்குமாடிவாசிகளின் கோரிக்கைச் சாசனம்

"வீடு இன்னும் காலியா இருக்கா?"

"இருக்கு. நாளைக்கே வந்து பார்க்கலாம். புரொஃபைல் அனுப்புங்க."

புரொஃபைல் என்றால் எத்தனை பேர், என்ன வேலை, எந்த நாடு, என்ன இனம், வீட்டில் சமைப்பீர்களா என்ற விவரம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிறிது நேரத்தில் பதில் வரும்: மன்னிக்கவும், வீட்டுக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமும் அந்த விளம்பரம் அதே படங்களுடன், அதே வாடகையுடன் அப்படியே இருக்கும்.

இந்தச் சாசனத்தில் கையெழுத்திடும் நாங்கள் இந்தப் பதிலைப் பலமுறை வாங்கியவர்கள். எங்களில் இங்கே பிறந்து, தேசிய சேவை முடித்து, இரண்டு தலைமுறையாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருப்பவர்களும் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியோடு வந்து, அறை தேடி அலைந்தவர்களும் உண்டு. சீன, மலாய் அண்டைவீட்டார் சிலரும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். எங்களுக்காகத் தொலைபேசியில் பேசி வீடு பார்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் குரலில் கேட்டபோது காலியாக இருந்த வீடு எங்கள் பெயரைச் சொன்னதும் நிரம்பிப்போனதை அவர்களே காதால் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீடு கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில், "நான் அந்த இந்தியர் இல்லைங்க, இங்கேயே பிறந்தவன்" என்று முகவரிடம் சொன்னவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்ன நாளில் வீடு கிடைத்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. நேற்று வந்த தமிழனைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு அப்படிச் சொன்னவர்கள் உள்ளே போயிருந்தார்கள். மறுப்பவரின் கணக்கை மறுக்கப்பட்டவரே ஏற்றுக்கொண்டு பேச வைப்பதுதான் இந்தப் பாகுபாடு செய்யும் பெரிய கெடுதல்.

இந்த நகரம் ஆரம்பத்திலேயே இனவாரியாக வரையப்பட்ட நகரம். 1822இல் ராஃபிள்ஸ் காலத்தில் தீட்டப்பட்ட நகரத் திட்டம் சீனருக்கு ஒரு கம்பம் (குடியிருப்பு), தென்னிந்தியச் சூலியாக்களுக்கு ஒரு கம்பம், மலாய்க்காரருக்கும் அரபியருக்கும் கம்போங் கிளாம், ஐரோப்பியருக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்தது. பிரிந்து வாழ்ந்ததன் விலை 1964இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்தில் 23 பேரும், செப்டம்பரில் மறுபடி மூண்டதில் 13 பேரும் மாண்டார்கள். பிறகு வந்த வீடமைப்புத் திட்டங்கள் கம்பங்களைக் கலைத்து மக்களை ஒரே புளோக்கில் குடிவைத்தன. மறுவிற்பனைச் சந்தையில் இனங்கள் மீண்டும் தனித்தனியே திரளத் தொடங்கியதைக் கண்டு, 1989 மார்ச்சில் அரசு இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டையும் மலாய்க்காரர் 25 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து 2010 முதல் 15 விழுக்காடு. பேட்டை அளவில் வரம்புகள் இன்னும் சற்றுக் குறைவு.

இதன் நோக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. மின்தூக்கியில் ஏறும்போது மேல்மாடி மலாய் மாக்சிக் எங்கள் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிப்பதும், சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆ மா ஆரஞ்சுப் பழங்களோடு கதவைத் தட்டுவதும் இந்தக் கொள்கையால் கிடைத்தவை. கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணமும் அடுத்த வாரம் சீனர் இழவு வீட்டுச் சடங்கும் நடக்கும் புளோக்கில் வளர்ந்த எங்களுக்கு வேறு எங்கே போனாலும் அந்தச் சத்தம் இல்லாத குறை தெரிகிறது.

எங்கள் கேள்வி வேறு. வீட்டை விற்கும்போது அரசு இனத்தை எண்ணுகிறது, வரம்பு கட்டுகிறது, வரம்பு தாண்டினால் விற்பனையை நிறுத்துகிறது. அதே வீட்டை வாடகைக்கு விடும்போது உரிமையாளர் இனம் பார்த்து மறுத்தால், அதைத் தவறென்று சொல்ல ஒரு சட்டம்கூட இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 12வது பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அது சட்டத்தையும் பொது அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும், வீட்டுக்காரரை அல்ல. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரும்போது, இனத்தையோ மதத்தையோ காரணம் காட்டி வேலை மறுக்கும் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். அலுவலக வாசலுக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. வீட்டு வாசலுக்கு?

எனவே எங்கள் முதல் கோரிக்கை, வீட்டு வாடகையில் இனம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம். இது உலகத்தில் இல்லாத புதுமை இல்லை. பிரிட்டன் 1968இல் தன் இன உறவுச் சட்டத்தை வீடுகளுக்கும் விரித்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் அமெரிக்காவின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. எங்களைப் போலவே இடநெருக்கடியில் அடுக்குமாடிகளில் வாழும் ஹாங்காங் 2008இல் இயற்றிய இனப் பாகுபாட்டுச் சட்டத்தில் வீட்டையும் சேர்த்திருக்கிறது.

தன் வீட்டிலேயே ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுபவரின் நிலை வேறு. ஒரே அடுப்படியை, ஒரே குளியலறையைப் பகிர்பவருக்கு யாருடன் இருப்பது என்று யோசிக்க உரிமை உண்டு. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பெண்ணைத்தான் சேர்ப்போம் என்பதிலும், முஸ்லிம் வீட்டுக்காரம்மா தன் அடுப்பில் பன்றி இறைச்சி சமைக்க வேண்டாம் என்பதிலும் எங்களுக்குக் குறை இல்லை. அவை சேர்ந்து வாழும் முறையைப் பற்றிய நிபந்தனைகள். எந்த இனத்தவர் வந்தாலும் ஒன்றுதான். "இந்தியர் வேண்டாம்" என்பது ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே அவரைப் பற்றி எழுதப்பட்ட தீர்ப்பு. சட்டம் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் பிரித்து எழுத முடியும்; எழுத வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வீவக வீட்டையோ அதன் அறையையோ வாடகைக்கு விட ஒவ்வோர் உரிமையாளரும் கழகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அந்த விண்ணப்பத்தில் ஒரு வரியைச் சேருங்கள்: இந்த வீட்டுக்கு வந்தவர் யாரையும் இனம் காரணமாக மறுக்கவில்லை என்று உறுதியளிக்கிறேன். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது அலுவலகம் வேண்டாம். பொதுப் பணத்தில், பொது நிலத்தில், மானியத்தோடு கட்டப்பட்ட வீடு அது. அந்த வீட்டின் வாசலில் பொது நியாயம் ஒன்றை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

சொத்து முகவர்களிடம் நேரடியாகச் சில வார்த்தைகள். விளம்பரத்தில் எந்த இனத்தையும் ஒதுக்கி எழுதக்கூடாது என்று உங்களை மேற்பார்க்கும் மன்றம் வழிகாட்டியிருக்கிறது. முன்பு வெளிப்படையாக வந்த "இந்தியரும் சீன நாட்டவரும் வேண்டாம்" என்ற வரிகள் குறைந்ததற்கு அது ஒரு காரணம். வரி போய்விட்டது, கேள்வி உங்கள் கைத்தொலைபேசிக்கு இடம் மாறிவிட்டது. வீட்டுக்காரர் சொன்னார், நான் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். வீட்டுக்காரர் மறைக்கச் சொன்ன நீர்க்கசிவை மறைத்தால் உங்கள் உரிமத்துக்கு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். அதே பயம் இங்கேயும் இருக்க வேண்டும். வீடு பார்க்கும் முன் இனத்தைக் கேட்பதை மன்றம் தடைசெய்ய வேண்டும். குடியேற்ற அனுமதியைச் சரிபார்ப்பது கடமைதான். அதை ஒப்பந்தம் போடும் கட்டத்தில் செய்யலாம்.

சமையலுக்கு வருவோம். எல்லாப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான். "லேசான சமையல் மட்டும்" என்று விளம்பரத்தில் பார்த்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 2011 ஆகஸ்ட்டில் ஒரு செய்தி வந்தது. சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய குடும்பம் ஒன்று பக்கத்து இந்திய வீட்டின் கறி வாசனை பொறுக்காமல் புகார் செய்ய, சமரச நிலையத்தில் பேசி, சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டதாம். அது பல ஆண்டுகளுக்கு முன் நடந்த சமரசம் என்றும், யோசனை இரு தரப்பிலிருந்தே வந்தது என்றும் பிறகு விளக்கினார்கள். இருந்தாலும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டி கறி சமைப்போம் என்று அழைப்பு விடுத்து, சீனரும் மலாய்க்காரரும் யுரேஷியரும் சேர்ந்து சமைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் அந்த இந்தியக் குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். தாளிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்த அந்த அம்மாவை. யாரும் வற்புறுத்தாமல் ஒப்புக்கொண்டார் என்பது எங்களுக்கு ஆறுதல் தரவில்லை. சிறுபான்மையாய் வாழ்பவர் ஒவ்வொரு நாளும் யாரும் வற்புறுத்தாமலே ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் அப்படித்தான் இருக்கின்றன: சன்னலைச் சாத்திவிட்டு மீன் பொரிப்பது, எண்ணெய் தேய்த்த தலையோடு மின்தூக்கியில் ஏறாமல் இருப்பது, பெருவிரைவு ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே வருவதைக் கவனிக்காதது போல் இருப்பது. ஆகவே அன்றாடச் சமையலை, வழிபாட்டுச் சாம்பிராணியை, பண்டிகைக் கோலத்தை ஒரு தரப்பு விட்டுக்கொடுக்க வேண்டிய பொருளாகச் சமரச மேசையில் வைக்கக்கூடாது. சமரசம் பேசி வைப்பவர்களுக்கு அதற்கான பயிற்சி வேண்டும். எண்ணெய்க் கறையும் வாசனையும் வீட்டுக்காரரின் உண்மையான கவலை என்றால், புகைப்போக்கி விசிறி, காலி செய்யும்போது சுத்தம் செய்யும் கட்டணம், முன்பணத்தில் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். எல்லா இனத்தவருக்கும் அதே வரி.

இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் பேசப்பட வேண்டும். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியரோ மலாய்க்காரரோ வீட்டை விற்க வேண்டுமென்றால், சீனருக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் வாங்குவோர் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறார்கள். வீடு மாதக்கணக்கில் கிடக்கும். கடைசியில் விலையைக் குறைத்துக் கொடுக்க நேரும். இந்தச் சிரமத்தை அரசே ஒப்புக்கொண்டு, 2022 முதல், முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள ஒரு வழியைத் திறந்தது. நன்றி. ஆனால் அது ஒவ்வொருவராக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிய கடைசி வழி. நல்லிணக்கம் நாடு முழுமைக்கும் நன்மை என்றால் அதன் செலவும் நாடு முழுமைக்கும் உரியது. வரம்பால் விலை குறைந்ததென்று காட்டக்கூடிய ஒவ்வொருவருக்கும் அந்த வித்தியாசத்தை ஈடுசெய்யும் நிலையான ஏற்பாடு வேண்டும்.

எங்கள் புளோக்குகளைக் கட்டியவர்கள் எங்கள் புளோக்குகளில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த கட்டுமான ஊழியர்கள் நகரத்தின் ஓரத்து விடுதிகளில் இருக்கிறார்கள். 2008இல் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கத்தில் ஒரு விடுதி வரப்போகிறது என்றதும் குடியிருப்பாளர்கள் மனுப்போட்டு எதிர்த்தார்கள். கடைசியில் அந்தப் பேட்டைத் தெருக்களைத் தொடாத தனி வழியோடு விடுதி வந்தது. 2013 டிசம்பர் 8 அன்று தேக்காவில் (லிட்டில் இந்தியா) பேருந்தில் அடிபட்டு ஓர் ஊழியர் இறந்ததும் மூண்ட கலவரத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை அங்கே புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நிழலுக்கு ஒதுங்கினால் நகர மன்றத்துக்குப் புகார் போகிறது. உட்கார்ந்திருப்பதைப் பற்றிய புகாரை நகர மன்றங்கள் ஏற்கக்கூடாது. குப்பை போட்டால், சத்தம் போட்டால் ஏற்கட்டும், யார் போட்டாலும்.

இனி எங்களுக்கே நாங்கள் வைக்கும் கோரிக்கை. வீடு வாடகைக்கு விடும் தமிழர்களும் "பங்ளாதேஷ்காரர் வேண்டாம்", "சீன நாட்டவர் வேண்டாம்" என்கிறோம். "சைவம் மட்டும்" என்று எழுதிவிட்டு, "ஊர்ல நீங்க என்ன ஆளுங்க" என்று பேச்சுவாக்கில் கேட்கிறோம். கறுப்பாய் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே கேலி செய்கிறோம். சீன அண்டைவீட்டாரைப் பற்றித் தமிழில் பேசும்போது, அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், அவர் காதுக்குப் போகக்கூடாத சொற்களைப் பயன்படுத்துகிறோம். நாங்கள் கேட்கும் சட்டம் வந்தால் அதில் முதலில் மாட்டுபவர் எங்களில் ஒருவராக இருந்தாலும் அந்தச் சட்டத்தின் பக்கமே நிற்போம். இதைக் கையெழுத்துக்கு மேல் எழுதித்தான் கையெழுத்திடுகிறோம்.

கடைசிக் கோரிக்கை ஒன்று. 1964 கலவரத்தின் நினைவாக ஜூலை 21ஐப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. சீனப் பிள்ளை புடவை கட்டி வருகிறாள், தமிழ்ப் பிள்ளை பாஜு குரோங் போட்டு வருகிறாள், படம் எடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் படங்களை நாங்களும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதே நாளில், ஒவ்வோர் ஆண்டும், வாடகை மறுப்பு பற்றி எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை விசாரிக்கப்பட்டன, எத்தனை முகவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற கணக்கை நான்கு மொழிகளிலும் வெளியிடுங்கள். புடவை கட்டி வந்த பிள்ளையும் பாஜு குரோங் போட்டு வந்த பிள்ளையும் பத்து, பதினைந்து வருடங்களில் வீடு தேடப் போகிறார்கள்.