வகுப்பறைக்கு வெளியே போடப்பட்ட மேசை



அமெரிக்க டொலர் நோட்டில், கடவுளில் நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். 1956ஆம் ஆண்டு அந்நாட்டின் காங்கிரஸ் அதைத் தேசிய வாசகமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே நாட்டின் அரசியலமைப்பு, எந்த அரச பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக்கூடாது என்கிறது. 1791இல் சேர்க்கப்பட்ட முதலாவது திருத்தம் அரசுக்கு இரண்டு கட்டுப்பாடுகளை விதிக்கிறது. அரசு ஒரு மதத்தை நிறுவக்கூடாது. எவரும் தமது மதத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கு இன்றும் தீராத வழக்கு.

அந்தக் கோட்டை நீதிமன்றம் வரை தேடிப் போனவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். இம்மாதம் அவர்களில் இருவரைப் பற்றிப் பேசுவோம். ஒருவர் தன் பிள்ளைக்குப் பாடசாலையில் மத போதனை வேண்டாம் என்றவர். மற்றவர் தன் மதத்துக்காக வேலையை இழந்தவர்.

முதலாமவர் வாஷ்டி மெக்கொலம். இல்லினோய் மாநிலத்தின் ஷம்பேய்ன் நகரில் மூன்று ஆண் பிள்ளைகளை வளர்த்த தாய். 1940இல் அந்நகரின் புரட்டஸ்தாந்து, கத்தோலிக்க, யூத சமயத்தவர்கள் ஒன்றுசேர்ந்து, அரச பாடசாலைகளில் வாரம் ஒருமுறை சமய வகுப்பு நடத்த ஒழுங்கு செய்தனர். பாடசாலை நேரத்தில், பாடசாலைக் கட்டடத்திலேயே வகுப்பு நடக்கும். பெற்றோர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களின் பிள்ளைகள் எழுந்து வேறிடம் போகவேண்டும். சொல்லும்போது இதில் கட்டாயம் எதுவும் இல்லை.

ஆனால் வாஷ்டியின் மூத்த மகன் ஜேம்ஸ் தன் வகுப்பிலிருந்து தனியே எழுந்து போகவேண்டியிருந்தது. ஒருமுறை அவனை வகுப்பறைக்கு வெளியே நடைக்கூடத்தில் மேசை போட்டு இருத்தினார்கள். குற்றம் செய்த பிள்ளைகளை இருத்தும் விதமாகவே அது மற்றவர்களுக்குத் தெரிந்தது. சக மாணவர்கள் அவனைக் கேலி செய்தார்கள், அடித்தார்கள். தாய் பாடசாலை அதிகாரிகளிடம் முறையிட்டார். பயன் கிடைக்கவில்லை. 1945இல் வழக்குத் தொடுத்தார்.

மாநிலத்தின் இரண்டு நீதிமன்றங்களிலும் அவர் தோற்றார். இடையில் அவர் அனுபவித்தவை கொஞ்சமல்ல. பல்கலைக்கழகத்தில் அவர் பார்த்த வேலை போயிற்று. வசைக் கடிதங்களும் மிரட்டல்களும் வந்தன. வீட்டின்மீது அழுகிய மரக்கறிகளை எறிந்தார்கள். வளர்த்த பூனையைக் கொன்றார்கள். ஜேம்ஸை வேறு மாநிலத்திலிருந்த பாட்டியிடம் அனுப்பிப் படிப்பிக்க வேண்டியதாயிற்று.

1948ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதியரசர்களில் எட்டுப் பேர் உடன்பட்டனர். மக்களின் வரிப்பணத்தில் கட்டிய கட்டடத்தையும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு வரவைக்கும் கட்டாயச் சட்டத்தையும் மத போதனைக்குப் பயன்படுத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நான்கு ஆண்டுகளின் பின் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், பெற்றோர் விரும்பினால் பிள்ளைகள் பாடசாலைக்கு வெளியே சென்று சமய வகுப்பில் சேரலாம் என்று ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கம் பல மாநிலங்களில் இப்போதும் உண்டு.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். வாஷ்டி மத நம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் பப்ரிஸ்ட் சபையினரும், ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையினரும், யூத அமைப்பினரும் அவருக்குச் சார்பாக நீதிமன்றத்துக்கு எழுத்தில் கருத்துத் தெரிவித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வேர்ஜீனியாவில் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக பப்ரிஸ்ட் போதகர்களைச் சிறையில் அடைத்த வரலாறு இருக்கிறது. அரசின் கையில் மதம் போனால், இன்று பெரும்பான்மையாக இல்லாத சபைக்கு நாளை என்ன நேரும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

இரண்டாமவர் அடெல் ஷேர்பேட். தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் நகரில் ஆடை ஆலைத் தொழிலாளி. 1957இல் அவர் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். அச்சபையினருக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று வேலை செய்யமாட்டார்கள். 1959இல் ஆலை, வேலை நாட்களை ஐந்திலிருந்து ஆறாக மாற்றியது. சனிக்கிழமை வர மறுத்ததால் அடெல் நிறுத்தப்பட்டார். வேறு ஆலைகளில் கேட்டார். அங்கும் சனிக்கிழமை வேலைதான். வேலையற்றோருக்கான அரச கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தபோது, தகுந்த காரணமின்றி வேலையை மறுத்தவர் என்று சொல்லி அதையும் மறுத்தார்கள். அதே மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமையை அனுட்டிப்பவர்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருந்தது. பெரும்பான்மையோரின் ஓய்வுநாளுக்கு ஒரு நீதி, அடெலின் ஓய்வுநாளுக்கு வேறொரு நீதி.

1963ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி அதியுயர் நீதிமன்றம் அடெலுக்குச் சார்பாக, ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வயிற்றுப்பாடா, வழிபாடா என்று ஒரு பெண்ணைத் தெரிவு செய்ய வைக்க அரசுக்கு உரிமை இல்லை என்பது அதன் பொருள்.

அதே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பையும் வழங்கியது. பென்சில்வேனியா மாநிலச் சட்டப்படி அரச பாடசாலைகளில் தினமும் காலையில் பைபிளிலிருந்து பத்து வசனங்கள் வாசிக்கப்பட்டன. அதை நீதிமன்றம் நிறுத்தியது. பைபிளை இலக்கியமாக, வரலாறாகப் படிப்பிப்பதற்குத் தடை இல்லை என்றும் கூறியது. பிள்ளை தானாகப் பிரார்த்திப்பதையும் அது தடுக்கவில்லை. ஆயினும் பாடசாலையிலிருந்து கடவுளை வெளியேற்றிவிட்டார்கள் என்று பல அமெரிக்கர்கள் மனம் நொந்தார்கள். அந்த வேதனை பொய்யானதல்ல. தலைமுறை தலைமுறையாகக் காலையில் சொல்லிவந்த வேதவசனம் நின்றுபோனால் தாய்மாருக்கு வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒன்று அரசின் கையிலிருந்து மதத்தை எடுத்தது. மற்றது அரசின் கையிலிருந்து ஓர் ஏழைத் தொழிலாளியின் மதத்தைக் காத்தது. இரண்டிலும் காக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள்.

அதன்பின் வந்த வழக்குகள் இவ்வளவு தெளிவானவை அல்ல. 2014இல், கைவினைப் பொருட்கள் விற்கும் ஹொபி லொபி என்ற பெரிய வர்த்தக நிறுவனத்தின் உரிமையாளர்கள், சில கருத்தடை முறைகள் தமது நம்பிக்கைக்கு மாறானவை என்றும், ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியில் அவற்றைச் சேர்க்க முடியாது என்றும் வாதாடி, ஐந்துக்கு நான்கு என்ற நிலையில் வென்றனர். அடெல் தன் நம்பிக்கைக்காகத் தானே இழப்பைச் சுமந்தார். இங்கே முதலாளியின் நம்பிக்கைக்கான விலையைச் சுமக்கப்போவது அங்கு வேலை செய்யும் பெண்கள்தானே என்று நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் உட்பட நால்வர் மறுத்து நின்றனர்.

2022இல் வொஷிங்டன் மாநிலத்தில், பாடசாலை அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர் போட்டி முடிந்ததும் மைதான நடுவில் முழந்தாளிட்டுப் பிரார்த்தித்தது அவரது தனிப்பட்ட உரிமை என்று நீதிமன்றம் ஆறுக்கு மூன்று எனக் கூறியது. சேர்ந்து பிரார்த்திக்காவிட்டால் விளையாட வாய்ப்புக் குறையுமோ என்று ஒரு மாணவன் அஞ்சியதும் அவ்வழக்கில் பேசப்பட்டது. 2024இல் லூசியானா மாநிலம், ஒவ்வொரு அரச வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட பெற்றோரில் கிறிஸ்தவ மதகுரு ஒருவரும் இருந்தார். பிள்ளைக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது வீட்டினதும் ஆலயத்தினதும் பொறுப்பு என்று கருதும் விசுவாசிகள் அங்கு இருக்கிறார்கள்.

ஆகவே இதை ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் இடையிலான சண்டை என்று மட்டும் பார்ப்பது போதாது. நீதியரசர்கள் மாறும்போது கோடும் நகர்கிறது. ஆனால் இரு பெண்களின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு அளவுகோல் நகர்வதில்லை. பொது இடத்தில் ஒரு வழிபாடு நடக்கும்போது, அதில் சேராத பிள்ளைக்கு எங்கே இடம் கொடுக்கப்படுகிறது? ஒரு உதவி வழங்கப்படும்போது, அதைப் பெறுவதற்காக ஒரு பெண் தன் நம்பிக்கையை வெளியே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கச் சட்டப் படிப்புத் தேவையில்லை.

வாஷ்டி மெக்கொலம் 2006இல், 93ஆவது வயதில் காலமானார். அவர் யாருடைய கோவிலையும் மூடச் சொல்லவில்லை. தன் மகனும் மற்றப் பிள்ளைகளோடு வகுப்பறைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றுதான் கேட்டார்.