ஆகஸ்ட் விடுமுறை வகுப்புக்கு மூவாயிரமா? – என் கருத்து



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் பழைய மாணவர்களும் வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

ஆகஸ்ட் விடுமுறையில் 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்கு 15 நாள் விஞ்ஞான, கணித வகுப்பு நடத்துவதென்று பேசியிருக்கிறோம். எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம். 60 பேர். இடமும் இருக்கிறது, படிப்பிக்க ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இழுபறி ஒரே ஒரு விடயத்தில்தான். பிள்ளைக்கு எவ்வளவு எடுப்பது?

"மூவாயிரம் வைங்க சேர், சும்மா குடுத்தா மதிப்பிருக்காது" என்பது ஒரு பக்கம். "ஒரு சதமும் எடுக்கக் கூடாது" என்பது மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

எங்கள் உத்தேசம் இதுதான்:

வினாத்தாள், குறிப்பு போட்டோகொப்பி – 36,000
ஆய்வுகூடப் பொருட்கள் – 24,000
தேநீர், சிற்றுண்டி (ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 80 ரூபாய்) – 72,000
ஆறு ஆசிரியர்களின் போக்குவரத்து – 36,000
மின்சாரம், துப்புரவு – 12,000

மொத்தம் 180,000 ரூபாய். 60 ஆல் வகுத்தால் சரியாக மூவாயிரம். இதில் யாரும் இலாபம் பார்க்கவில்லை. மூவாயிரம் கேட்டவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே மூவாயிரத்தை வீட்டுப் பக்கமிருந்து பாருங்கள். கடலுக்குப் போகும் வாப்பாவுக்கும் கூலிக்குப் போகும் வாப்பாவுக்கும் அது கிட்டத்தட்ட ஒரு நாள் உழைப்பு. கடல் கொந்தளித்தால் அந்த ஒரு நாளும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறாயிரம். அப்போது உம்மா என்ன செய்வாள்? ஒருவரைத்தான் அனுப்புவாள். அந்த ஒருவர் பெரும்பாலும் மகனாக இருப்பான். மகள் வீட்டில் நிற்பாள்.

"கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுப்போமே" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் இப்படியொரு வகுப்பு நடந்தபோது விண்ணப்பப் படிவத்தை எழுதியவன் நான்தான். அதன் அடியில் ஒரு வரி போட்டேன்: கட்டண விலக்கு வேண்டுவோர் கிராம சேவையாளரின் கடிதத்துடன் வரவும். நல்லது செய்கிறேன் என்றுதான் போட்டேன்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். கேத்திரகணிதத்தில் நிறுவல் கேட்டால் நான் பலகையில் முடிக்கும் முன் அவள் கொப்பியில் முடித்துவிடுவாள். அந்த விடுமுறை வகுப்புக்கு அவள் வரவில்லை. பிறகு கேட்டேன். "உம்மாக்கு சுகமில்ல சேர்" என்றாள். நம்பிவிட்டேன். பல மாதம் கழித்துத்தான் அவளுடைய தோழி சொன்னாள். உம்மாவுக்கு ஒன்றுமில்லையாம். கடிதத்தோடு வந்து வரிசையில் நின்றால் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று அவள் படிவத்தை வீட்டில் காட்டவே இல்லையாம்.

அவளைத் தடுத்தது பணம் இல்லை. நான் எழுதிய அந்த ஒரு வரி. வறுமையைக்கூடப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், அதை நிரூபித்துக் காட்டச் சொன்னால் தாங்க மாட்டார்கள். பதினைந்து வயதில் நாமும் அப்படித்தானே இருந்தோம்?

இனி "இலவசம் என்றால் மதிப்பிருக்காது" என்ற வாதத்துக்கு வருகிறேன். கேட்க நியாயமாக இருக்கிறது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் கர்ப்பிணித் தாய்மாருக்கு நுளம்புவலையைச் சில கிளினிக்குகளில் இலவசமாகவும் சிலவற்றில் சிறு விலைக்கும் கொடுத்தார்கள். ஜெசிக்கா கோஹனும் பஸ்கலின் டுபாவும் செய்த இந்த ஆய்வு 2010இல் வெளியானது. விலை பூச்சியத்திலிருந்து வெறும் 60 அமெரிக்க சதத்துக்குப் போனபோது வலை எடுத்தவர்களின் பங்கு 60 சதவீதப் புள்ளிகளால் விழுந்தது. இலவசமாக வாங்கியவர்களோ காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைப் பாவித்தார்கள். வலை வேறு, வகுப்பு வேறுதான். ஆனாலும் சிறு கட்டணம் அக்கறையில்லாதவரை வடிகட்டும் என்ற நம் நம்பிக்கை அங்கே பொய்த்துப்போனது. அது வடிகட்டியது கையில் காசில்லாதவரைத்தான்.

நமக்குள்ளேயே பாருங்கள். கன்னங்கரா அவர்கள் கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. இந்தப் பதிவை வாசிக்கும் ஆசிரியர், தாதி, பொறியியலாளர், முகாமையாளர் எல்லோரும் அந்த மரத்தின் நிழலில் வந்தவர்கள்தான். சும்மா கிடைத்ததென்று நாம் யாராவது படிக்காமல் விட்டோமா? அதே 1945இல்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கினார்கள். கல்முனையில் அரசாங்க அதிகாரியாக இருந்த காலத்தில் கிழக்கின் பிள்ளைகளைக் கண்ணால் கண்டவர் அவர். பிள்ளையிடம் வாங்காமல் சமூகத்திடம் வாங்க வேண்டும் என்பது நமக்குப் புதுக் கதை இல்லை.

நமது பிள்ளைகளுக்கு இன்னொரு விடயமும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில். இன்னொரு 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அந்தப் பட்டியலில் திருகோணமலையும் உண்டு. ஆனால் இந்தச் சலுகையெல்லாம் வாசல் வரை வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தான். ஓ.எல் கணிதத்தில் விழுந்த பிள்ளைக்குக் கோட்டாவால் என்ன பயன்? விஞ்ஞானப் பிரிவுக்குப் போகும் வழி 10ஆம், 11ஆம் தரத்திலேயே அடைபட்டுவிடுகிறது.

நானும் மாலையில் டியூசன் எடுப்பவன்தான். அதில் கிடைக்கும் காசு என் வீட்டு அடுப்பிலும் எரிகிறது. டியூசனைப் பிழை சொல்ல வரவில்லை. என் மண்டபம், என் கதிரை, என் கட்டணம். ஆனால் இந்த வகுப்பு பாடசாலைக் கட்டடத்தில், பொதுமக்களின் மேசையில், பொதுமக்களின் மின்விசிறிக்குக் கீழே, ஊரின் பெயரில் நடக்கப்போகிறது. பொதுவான ஒன்றுக்கு வாசலில் டிக்கட் வைக்கக் கூடாது.

"அப்படியானால் 180,000 எங்கிருந்து வரும்?" இதற்குப் பதில் இல்லாமல் நான் எழுதியதெல்லாம் வெறும் பேச்சு. என் யோசனை இது:

1. சிற்றுண்டியைக் காசுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். ஒவ்வொரு நாளையும் நாலைந்து வீடுகள் பொறுப்பெடுக்கட்டும். நோன்பு காலத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி கொடுக்கும் ஊர் இது. பிள்ளைகளுக்கு 15 நாள் தேநீரும் வடையும் கொடுக்க முடியாதா? 72,000 குறைகிறது.

2. மிச்சம் 108,000. 15ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 7,200 ரூபாய். கத்தாரிலும் சவூதியிலும் இருக்கும் தம்பிமாரே, நாலு பேர் சேர்ந்து ஒரு நாளை எடுங்கள். பழைய மாணவர் ஒவ்வொரு தொகுதியும் ஒரு நாள். முதலாம் நாள் செலவு என்னுடையது. என்னோடு டியூசன் எடுக்கும் சக ஆசிரியர்களும் ஆளுக்கொரு நாள் எடுக்க வேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்கிறேன். பட்னாவில் ஆனந்த் குமார் 2002இல் தொடங்கிய சூப்பர் 30 இப்படித்தான் நடந்தது. கட்டண வகுப்பில் வந்த வருமானத்தில் 30 ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சாப்பாடும் கொடுத்துப் படிப்பித்தார்.

3. வசதியுள்ள பெற்றோர் கொடுக்க விரும்பினால், கடைசி நாளில் பெயரில்லாத உறை ஒன்று. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உறை. உள்ளே ஐயாயிரமா, ஒன்றுமில்லையா என்று யாரும் கேட்கக் கூடாது.

4. ஆசிரியர்களின் போக்குவரத்துப் பணத்தில் கை வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து ஓட்டோ பிடித்து வரும் டீச்சரிடம் "சேவை" என்று சொல்லிச் செலவையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம்.

5. வரவு செலவு முழுவதும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

பிள்ளைகள் இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து காசு இல்லை. முதல் நாளில் பெற்றோர் வந்து கையொப்பம் வைக்கட்டும். ஒரு நாள் வராவிட்டால் அன்று பின்னேரமே வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. காரணமில்லாமல் மூன்று நாள் வராவிட்டால் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த இடம்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதாவிட்டால் 15 நாளைப் பத்து நாளாகக் குறைப்போம். எல்லாப் பிள்ளைக்கும் பத்து நாள், காசுள்ள பிள்ளைக்கு 15 நாள் என்பதைவிட எவ்வளவோ மேல்.

2021 நவம்பர் 23ஐ நம்மூரில் யாரும் மறக்கவில்லை. பாலம் வேலை முடியாத நாட்களில், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு படகுப்பாதை கவிழ்ந்தது. பிள்ளைகளை அடக்கிவிட்டு வந்த அன்று நாம் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி எங்கள் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்க வேண்டும். நான் அந்தச் சொல்லை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வழி என்பது ஆற்றுக்கு மேலே மட்டும் இல்லை.

வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு இதைப் பேசி முடிவெடுக்க இருக்கிறோம். மூவாயிரம் என்பவர்களும் வாருங்கள். என் கணக்கில் பிழை இருந்தால் எல்லோர் முன்னிலும் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தமுறை விண்ணப்பப் படிவத்தில் அந்த வரி வேண்டாம்.

அந்தப் பிள்ளை பிறகு கலைப்பிரிவில் படித்தாள். நன்றாகவே படித்தாள், அல்ஹம்துலில்லாஹ். கலைப்பிரிவு குறைந்தது இல்லை. ஆனால் அதை அவள் தெரிவு செய்தாளா, நான் தெரிவு செய்து கொடுத்தேனா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாளை எடுக்க விரும்புபவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். அல்லாஹ் நம் எல்லோரின் முயற்சியையும் ஏற்றுக்கொள்வானாக.