பச்சை விளக்கு போதாது

பெங்களூரு பெல்லந்தூரில் சர்வர்களைக் கட்டிக்காப்பது என் பிழைப்பு. ஆர்டர், பணம், டெலிவரி என ஒரு செயலியின் பகுதிகளுக்கிடையே செய்தி கடத்தும் ராபிட்எம்கியூ ஓடுகிறதா என்று கேட்டால், பலர் 5672ஆம் போர்ட் திறந்திருப்பதைக் காட்டி "ஓடுது சார்" என்பார்கள். போர்ட் திறந்துதான் இருக்கும். ஆனால் டிஸ்க்கில் காலி இடம் வரம்புக்குக் கீழே இறங்கினால் புதிய செய்தியை ராபிட்எம்கியூ வாங்காது, பழையதை மட்டும் விநியோகிக்கும். நாம் மாற்றாவிட்டால் அந்த வரம்பு வெறும் 50 எம்பி. பெரிய சர்வருக்கு இது கேலிக்கூத்து. 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கும் 'பிங்'குக்குப் பதில் வந்தால் போதாது, இடம் குறைந்ததென்று அலாரம் அடிக்கிறதா என்றும் தனியாகக் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், நிமிடத்துக்கொரு சோதனைச் செய்தியைப் போட்டு மறுமுனையில் எடுத்துப் பார்ப்பதே சரி. வீண் வேலை என்கிற மேனேஜர்கள் தீபாவளித் தள்ளுபடி இரவில் எங்களோடு விழித்திருந்து பார்க்கட்டும்.