முகத்தில் வைத்த கொழுப்பு பாதி கரைவது ஏன்? 'லைஃப்டைம் ரிசல்ட்' விளம்பரங்கள் சொல்லாத கணக்கு

வயிற்றில் வேண்டாத கொழுப்பை எடுத்து, ஒட்டிப்போன கன்னத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? கேட்க சூப்பரா இருக்கும். 'உங்க சொந்தக் கொழுப்புதான், சைடு எஃபெக்ட் கிடையாது, ஆயுசுக்கும் நிற்கும்' என்று ரீல்ஸில் வரும் விளம்பரங்களும் அதைத்தான் சொல்கின்றன. சொந்தக் கொழுப்பு என்பது உண்மை. 'ஆயுசுக்கும்' என்பதில்தான் சிக்கல்.

இது சினிமாக்காரர்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தீக்காயத் தழும்போடும், விபத்தில் குழிந்த கன்னத்தோடும் இருப்பவர்களுக்கும் இதே சிகிச்சைதான் பரிந்துரைக்கப்படுகிறது. வடசென்னைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பழைய உறவு உண்டு. மெஷினில் கை நசுங்கி வருபவர்களுக்காக ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு, பிறகு நாடறிந்த மையமாக வளர்ந்தது. அதே ஸ்டான்லியில் 2018 பிப்ரவரியில் மார்பக அழகியல் அறுவை சிகிச்சையை இலவசமாகத் தொடங்கிவைத்தபோது, ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது தேவையா என்ற எதிர்க்கேள்வியும் உடனே வந்தது. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் முகத்துக் கொழுப்பு விஷயத்தில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: வைத்ததில் எவ்வளவு மிஞ்சும்?

அப்போ ஏன் கரையுது?

புது ஏரியாவில் வீடு கட்டிக் குடி போகிறீர்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு வர இன்னும் சில நாள் ஆகும். தெருமுனையில் இருப்பவர்கள் பக்கத்துத் தெருவில் குடம் பிடித்துச் சமாளித்துவிடுவார்கள். உள்ளே தள்ளி இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். இடம் மாறிய கொழுப்பு செல்லின் கதையும் இதுதான். எடுத்த நொடியே அதன் ரத்த இணைப்பு அறுந்துவிடுகிறது. புது ரத்தக்குழாய்கள் வளர்ந்து வரும்வரை, சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வரும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு.

அந்தக் கசிவு எவ்வளவு தூரம் போகும்? ஜப்பானின் யோஷிமுரா குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, வைத்த துணுக்கின் வெளி ஓரத்தில் சுமார் 0.3 மி.மீ. ஆழம்வரை உள்ள கொழுப்பு செல்கள்தான் பிழைக்கின்றன. அதற்கு அடுத்த அடுக்கில் கொழுப்பு செல்கள் செத்தாலும், கூடவே இருக்கும் ஸ்டெம் செல்கள் தாக்குப்பிடித்துப் புது செல்களை உருவாக்குகின்றன. நடுப்பகுதி செத்துக் கரையும், இல்லாவிட்டால் எண்ணெய்க் கட்டியாக நிற்கும்.

அதனால்தான் மொத்தமாக ஒரு உருண்டையை உள்ளே தள்ளினால் வேலைக்கு ஆகாது. ஜெர்மனியின் நாய்பர் 1893-லேயே கையிலிருந்து கொழுப்பெடுத்து முகக் குழியை நிரப்பினார். 1950-ல் பியர் என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதி எடை போய்விடுகிறது என்று கணக்குச் சொன்னார். 1990-களில் சிட்னி கோல்மன் முறையை மாற்றினார்: மென்மையாக உறிஞ்சி எடு, ரத்தத்தையும் எண்ணெயையும் பிரி, முனை மழுங்கிய குழாயால் துளித் துளியாகப் பல அடுக்குகளில் வை. இன்றைக்கும் அடிப்படை இதுதான். இருந்தும் ஆய்வுகளில் மிஞ்சும் அளவு 20 முதல் 80 சதவிகிதம் வரை ஏறி இறங்குகிறது. கன்னத்தில் ஓரளவு நிற்கும். ஓயாமல் அசையும் உதட்டில் சீக்கிரம் கரையும். ரத்த ஓட்டம் குறைந்த இறுகிய தழும்புக்கு அடியில் பிழைப்பது இன்னும் கஷ்டம். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் அதே நிலைதான்.

ஸ்டெம் செல், பிஆர்பி சேர்த்தால்?

2013-ல் 'லான்செட்' இதழில் வந்த டென்மார்க் ஆய்வு இந்தத் துறையையே நிமிர்ந்து உட்கார வைத்தது. லேபில் பெருக்கிய ஸ்டெம் செல்களைக் கலந்து வைத்த கொழுப்பில் 121 நாள் கழித்து 80.9 சதவிகிதம் மிஞ்சியது. கலக்காததில் வெறும் 16.3. அசத்தல் ரிசல்ட்தான், ஆனால் சோதித்தது பத்தே பேரிடம், அதுவும் முகத்தில் இல்லை, கையில். இந்தியாவில் ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர, மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது. ஆக, 'ஸ்டெம் செல் ஃபேஷியல் பேக்கேஜ்' என்று யாராவது ரேட் கார்டு நீட்டினால் உஷாராகிவிடுங்கள். உங்கள் ரத்தத்திலிருந்து பிரிக்கும் பிஆர்பி பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன.

கிளினிக்கில் என்ன கேட்கலாம்?

முதல் சில வாரம் கன்னம் உப்பலாகத் தெரிவதில் பாதி வீக்கம்தான். நிஜ ரிசல்ட் மூன்று மாதத்துக்குப் பிறகே தெரியும். எனவே பத்தாம் நாள் போட்டோவைக் காட்டினால், ஒரு வருடப் போட்டோ இருக்கா என்று கேளுங்கள். இரண்டாவது முறை வைக்க வேண்டி வருமா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பலருக்கு இரண்டாவது முறை தேவைப்படுகிறது, விளம்பரத்தில் இருப்பதோ ஒரு முறைக்கான ரேட். இன்னொன்று, வைத்த கொழுப்பு வயிற்றுக் கொழுப்பின் குணத்தை விடாது. உங்கள் எடை கூடினால் கன்னமும் கூடும்.

செய்பவர் யார் என்பது இதைவிட முக்கியம். கொழுப்பு தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே பறிபோகலாம். அரிதுதான், ஆனால் புருவ நடு, மூக்கு, நெற்றிப் பகுதிகளில் அபாயம் அதிகம். ஊசி போடும்போதோ, போட்ட உடனோ கண் மங்கினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அழகியல் சிகிச்சைகளை யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எழுத்திலேயே சொல்ல வேண்டி வந்தது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி முடித்தவரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தழும்புக்காகச் செய்பவர்கள் கிளினிக்குக்கு முன்னால் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அழகுக்காக என்றால் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. தீக்காயம், விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் கதை வேறு. கேஸ் ஷீட்டில் எந்தக் காரணம் எழுதப்படுகிறது என்பதை அட்மிட் ஆகும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள், வீக்கம் வடியும்வரை எத்தனை நாள் சம்பளம் போகும், இரண்டாம் முறைக்கு இன்னும் எத்தனை நாள் போகும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டியிருக்கும்.