உக்காந்தா ஏறணும், காசு குடுத்தா இல்ல

போன ஞாயித்துக்கிழமை பெருங்களத்தூர் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையன் இன்ஜினியரிங் முதல் வருஷம். சாப்பிட்டு முடிச்சு மொட்டை மாடிக்குப் போனதும் மெதுவா ஆரம்பிச்சான்.

"அண்ணா, ஒரு எண்ணூறு ரூபா ஜிபே பண்றியா? அடுத்த வாரம் தந்துடறேன்."

"எதுக்குடா?"

"ஸ்டாமினா தீந்துடுச்சு."

மொபைல்ல ஒரு ரோல்-பிளேயிங் கேம். பேர் சொல்லி விளம்பரம் குடுக்கப் போறதில்ல. போனை வாங்கி செலவுக் கணக்கைப் பார்த்தேன். மூணு மாசத்துல 11,400 ரூபா! பஸ் பாஸ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டுன்னு சித்திகிட்ட வாங்கின காசு. கேம் ஆடாதேன்னு சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது மக்களே, நானும் ராத்திரி ரெண்டு மணி கேஸ்தான். ஆனா ஸ்டாமினாவைக் காசு குடுத்து வாங்கறதுங்கறது எனக்கு ஜீரணமாகல. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

கேம் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரி கேம்ல மந்திரம் போட, ஸ்பெஷல் அடி அடிக்க ஒரு சக்தி வேணும். மானா, எஸ்பி, எனர்ஜின்னு கேமுக்கு ஒரு பேர். செலவு பண்ணினா குறையும், அப்புறம் தானா ஏறும். எவ்ளோ வேகமா ஏறும்ங்கறதுதான் விஷயமே.

2002-ல வந்த கொரியன் கேம் ராக்னராக் ஆன்லைனை எடுத்துக்குங்க. 2000-களின் நடுவுல லெவல் அப் கம்பெனி இந்தியாவுக்குன்னே தனியா நடத்துச்சு. அதே சமயம் நம்ம தரமணி டைடல் பார்க்ல இருந்த சிஃபி, ஏ3-ன்னு இன்னொரு கொரியன் கேமைக் கொண்டு வந்தாங்க. அப்போ நான் பொடியன். மேற்கு தாம்பரத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல பெரிய பசங்க தோளுக்கு மேல எட்டிப் பார்த்ததோட சரி. நான் ஆடினது காலேஜ் ஹாஸ்டல்ல, பசங்க லேன்ல ஓட்டின சர்வர்ல. (லைசன்ஸ் பத்தி யாரும் கேக்கப்படாது.) சர்வர் சாஃப்ட்வேர் ஓபன் சோர்ஸ்ங்கறதால கணக்கைத் திறந்தே பார்த்துக்கலாம்.

கணக்கு இவ்ளோதான்: 8 செகண்டுக்கு ஒரு தடவை எஸ்பி ஏறும். ஒண்ணு, கூட மொத்த எஸ்பியில நூத்துல ஒரு பங்கு, கூட இன்ட்-ங்கற அறிவுப் புள்ளியில ஆறுல ஒரு பங்கு. என் வாள்வீரனுக்கு மொத்த எஸ்பி 300, இன்ட் 30-ன்னு வைங்க. 1+3+5, ஒரு தடவைக்கு 9. காலியான தொட்டி நிரம்ப நாலரை நிமிஷம். "வாள்வீரனுக்கு இன்ட் எதுக்குடா, அத்தனையும் பலத்துல போடு"ன்னு சீனியர்ங்க சொல்லுவாங்க. அப்படிப் போட்டு இன்ட் 1-ஓட நிக்கறவனுக்கு தடவைக்கு 4. அதே 300 நிரம்ப முழுசா 10 நிமிஷம். அவன் அடி பலமா விழும், ஆனா நாலு அடிக்கப்புறம் திருதிருன்னு முழிப்பான். எது உசத்தின்னு ஹாஸ்டல் மெஸ்ல சண்டையே நடக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, உக்காந்தா எஸ்பி ரெண்டு மடங்கு வேகமா ஏறும். 8 செகண்டு 4 ஆயிடும். சுமை பாதி எடையைத் தாண்டினா ஏறவே ஏறாது! கண்ட சாமானையும் பொறுக்கி மூட்டை கட்டினவன் ஓய்வெடுத்தும் பிரயோஜனமில்ல. கூட ஒரு ப்ரீஸ்ட் இருந்து மேக்னிஃபிகாட் போட்டா எஸ்பி இன்னும் வேகமா ஏறும். அதனால எல்லாரும் ப்ரீஸ்டைச் சுத்தி வட்டமா உக்காந்து கதையடிப்போம். அரியர், லவ்வு, பிளேஸ்மெண்ட் எல்லாம் அந்த உக்காந்த நேரத்துல டைப் பண்ணினதுதான்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (2004) இதை இன்னும் நுணுக்கமா பண்ணுச்சு. ஸ்பிரிட்னு ஒரு ஸ்டாட், மானா திரும்பி வர்றதுக்கு. ஆனா ஒரு மந்திரம் போட்டு மானா செலவாச்சுன்னா அடுத்த 5 செகண்டுக்கு ஸ்பிரிட் வேலை செய்யாது. வைத்தியம் பாக்கறவங்க மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ணிக்கிட்டே ஆடுவாங்க. இப்பவே காப்பாத்தணுமா, இன்னும் ரெண்டு செகண்டு பொறுக்கலாமா? சும்மா இருக்கறதே ஒரு திறமை. 2010-ல அந்த 5 செகண்டு விதியைத் தூக்கினாங்க, 2016-ல ஸ்பிரிட்டையே தூக்கிட்டாங்க. 2019-ல பழைய வெர்ஷனை கிளாசிக்னு திரும்ப விட்டப்போதான் பசங்க மறுபடி எண்ண ஆரம்பிச்சாங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இதுலெல்லாம் மீளும் வேகம் கேரக்டரோட குணம். நான் புள்ளி போட்டு வளர்த்தது. வேற ஒண்ணை விட்டுக்குடுத்து வாங்கினது. இன்னிக்கு மொபைல் கேம்ல என்ன ஆச்சுன்னா, அந்தக் குணத்தைக் கேரக்டர்கிட்டேர்ந்து பிடுங்கி ஆடறவன் தலைல கடிகாரமா கட்டிட்டாங்க.

2020-ல வந்த ஜென்ஷின் இம்பாக்டைப் பாருங்க. அதுல எனர்ஜி ரீசார்ஜ்னு அருமையான ஸ்டாட் இருக்கு. எதிரி மேல அடி விழுந்தா எனர்ஜித் துகள் வரும். களத்துல நிக்கறவனுக்கு தன் இனத் துகள் ஒண்ணுக்கு 3. நாலு பேர் டீம்ல வெளிய காத்திருக்கறவனுக்கு அதுல 60%தான், அதாவது 1.8. 80 எனர்ஜி கேக்கற பெரிய அடிக்கு அவனுக்கு 45 துகள் வேணும். ரீசார்ஜை 100%-லேர்ந்து 200% ஆக்கினா 23 போதும். அடியைக் கூட்டறதா, இதைக் கூட்டறதான்னு உக்காந்து யோசிக்க வேண்டிய சமாச்சாரம். யோசிச்சவன் சத்தியமா மேதை.

ஆனா அந்த ஸ்டாட் உள்ள சாமான் வேணும்னா ஒரு குகைக்குப் போகணும், பரிசை எடுக்க 20 ரெசின் கட்டணும். ரெசின் ஏறறது 8 நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒரு தடவைக்கு 160 நிமிஷம்! கிடைக்கற சாமான்ல ரீசார்ஜ் இருக்குமாங்கறதும் லாட்டரி. நேத்து சேர்ந்தவனுக்கும் 8 நிமிஷம், வருஷக்கணக்கா ஆடி ரேங்க் 60 தொட்டவனுக்கும் 8 நிமிஷம். என் கேரக்டர் ரீசார்ஜை 230% ஆக்கலாம், என் ரீசார்ஜை ஒரு துளி ஏத்த முடியாது. ஜெம் குடுத்தா மட்டும் உடனே 60 ரெசின், ஒரு நாளைக்கு ஆறு தடவை வரைக்கும். ஃபேஸ்புக் காலத்து மாஃபியா வார்ஸ்லகூட மேனியாக்னு ஒரு வகை எடுத்தா எனர்ஜி 5 நிமிஷத்துக்குப் பதிலா 3 நிமிஷத்துல ஏறும். அந்த மொக்கை கேமுக்கு இருந்த நியாயம்கூட இங்க இல்ல.

ஆபீஸ் பஸ்ல பக்கத்து சீட் நண்பர் கேம்ப் ரோடுலேர்ந்து மேடவாக்கம் வரைக்கும் வாதாடினார். "ஸ்டாமினா இல்லேன்னா பசங்க நாள் முழுக்க ஆடுவாங்க பாஸ், நல்லதுதானே?" சரி, நிறுத்தறதுதான் நோக்கம்னா ரீஃபில் எதுக்கு விக்கறாங்க? 2021-ல சீன அரசு போட்டது நிறுத்தம். 18 வயசுக்குக் கீழ இருந்தா வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்ல ராத்திரி 8-லேர்ந்து 9 வரைக்கும்தான். அந்தச் சட்டம் சரியா தப்பாங்கறது வேற, ஆனா காசு குடுத்து அதை ஒன்பதேகால் ஆக்க முடியாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டும் வெளியிடறதுக்கு முன்னாடி சோதனையில, தொடர்ந்து ஆடினா அனுபவப் புள்ளி பாதியாகும்னு வச்சாங்க. ஜனங்க கத்தவும் கணக்கைத் திருப்பிப் போட்டு, ஓய்வெடுத்து வந்தா ரெண்டு மடங்குன்னு பேரை மாத்தினாங்க. ஓய்வுக்குப் பரிசு, கதவு திறந்தே இருக்கு. அதுவும் கட்டுப்பாடுதானே?

"அப்புறம் சர்வர் செலவுக்கு என்ன பண்ணுவான்?"னார். சட்டை விக்கட்டும், தொப்பி விக்கட்டும், மாசச் சந்தா வாங்கட்டும். மூச்சை விக்காதே, அவ்ளோதான்.

சித்தி பையனுக்கு எண்ணூறு குடுக்கல. சித்திகிட்டயும் சொல்லல, அவனே சொல்லட்டும்னு ஒரு வாரம் டைம் குடுத்திருக்கேன். "அப்ப நான் எதை ஆடறது?"ன்னு கேட்டான், நியாயமான கேள்வி. சாதா போன்ல ஓடணும், உக்காந்தா சக்தி ஏறணும், அதுல ரீஃபில் கடை இருக்கக்கூடாது. அப்படி ஒண்ணு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை மறுபடி பெருங்களத்தூர் போறேன்.